கன்னத்தில் ஒரு நூல்... வானத்தில் ஒரு தட்டு!

காங்கேயம் காளை வளர்ப்பவர்களிடம் நுகத்தடியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது. தடியின் அடிப்பக்கம் சரியாக இழைக்கப்படாமல் இருந்தால் கழுத்தில் காய்ப்பு விழும். காய்ப்பு புண்ணாகும். புண் பட்ட காளை அதற்கப்புறம் நுகத்தைக் கண்டாலே தலையை ஒதுக்கும். இத்தனைக்கும் காளையின் பலத்தில் ஒரு குறையும் இருக்காது. மரம் உடம்போடு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் அப்படி ஒரு மரம் உண்டு. குழலுக்குப் பின்னால், தோளில் அழுத்தி, கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொள்கிறோமே, அந்தப் பின்கட்டை. ஆங்கிலத்தில் ஸ்டாக் என்பார்கள். பறக்கும் தட்டைச் சுடுகிற ‘ட்ராப்’, ‘ஸ்கீட்’ போட்டிகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில் குழலுக்கு இருக்கும் பங்கைவிட இந்தக் கட்டைக்கு இருக்கும் பங்கு பெரிது. ஆனால் துப்பாக்கி வாங்குபவர்கள் குழலைத்தான் ஆசையாகத் தடவிப் பார்க்கிறார்கள்!

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் பிருத்விராஜ் தொண்டைமான். புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2023-ல் தோஹா உலகக் கோப்பையில் ட்ராப் பிரிவில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் கினான் செனாய், ஜோராவர் சிங் சாந்து ஆகியோருடன் சேர்ந்து இந்திய ஆண்கள் ட்ராப் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தார். மூவரும் சேர்ந்து உடைத்த தட்டுகள் 361. அடுத்த ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்ஸ். அங்கே 125-க்கு 118 தட்டுகளை உடைத்தும் அவருக்குக் கிடைத்தது 21-வது இடம்தான்!

கணக்கைக் கவனியுங்கள். தவறியவை வெறும் 7. பள்ளிக்கூடப் பரீட்சையாக இருந்தால் 94 சதவிகிதத்துக்கும் மேல், வீட்டில் கேசரி கிண்டியிருப்பார்கள். இந்த விளையாட்டில் அது இறுதிச் சுற்றுக்குப் போதவில்லை. ஒன்றிரண்டு தட்டுகளில் உலகத் தரவரிசையே தலைகீழாகும் ஆட்டம் இது. அதனால்தான் இதை ஆடுகிறவர்கள் ஒரு மில்லிமீட்டர் மரத்துக்காக நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

தட்டு என்றால் என்ன தட்டு?

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘களிமண் புறா’ என்று பெயர் இருந்தாலும் அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள், அந்தக் கொடுமையின் மிச்சம் இந்தப் பெயர். இப்போதைய தட்டு சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற பிசினையும் கலந்து அச்சில் வார்த்தது. குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை சுமார் 105 கிராம். கிட்டத்தட்ட காபி டம்ளருக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டு அளவு.

ட்ராப் போட்டியில் வீரருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பதுங்குகுழி. அதற்குள் 15 எந்திரங்கள். வீரர் குரல் கொடுத்ததும் ஏதோ ஓர் எந்திரத்திலிருந்து தட்டு சீறிக்கொண்டு கிளம்பும். இடமா, வலமா, நேரா, எவ்வளவு உயரம்? கிளம்பிய பிறகுதான் தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகம். முதல் தோட்டா ஒரு விநாடிக்குள் வெடித்தாக வேண்டும். தட்டு உடையும்போது வீரரிடமிருந்து ஏறத்தாழ 35 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு அல்ல, ரவை. 24 கிராம் எடைக்குப் பொடிப் பொடியான ஈயக் குண்டுகள். பாய்ந்து போகப் போக அவை விரியும். ‘அப்படியானால் சுலபம்தானே, ஏதாவது ஒன்று பட்டுவிடாதா?’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கட்டையின் கணக்கைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும்.

கண்தான் பின்குறி!

ரைஃபிளில் குறி பார்க்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு குறிகள் இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துச் சுடலாம். தட்டு சுடும் துப்பாக்கியில் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின்குறி கிடையாது. சுடுகிறவரின் கண்ணேதான் பின்குறி!

அந்தக் கண் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது எது? கன்னம் எங்கே படிகிறதோ அதுதான். கன்னம் எங்கே படியும் என்பதை முடிவு செய்வது பின்கட்டை. கட்டை மாறினால் கண் மாறும், கண் மாறினால் குறி மாறும். குழலை எத்தனை லட்சம் கொடுத்து இத்தாலியிலிருந்து வரவழைத்தாலும் இதுதான் நிலைமை.

எவ்வளவு மாறும்? நம் ஆசாரிமார் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்றால் 3 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கண்ணிலிருந்து குழல் நுனி மணி வரைக்கும் ஏறக்குறைய 1 மீட்டர். தட்டு இருப்பதோ 35 மீட்டரில். ஆக, இங்கே கண் ஒரு நூல் உயர்ந்தால் அங்கே ரவை 35 நூல் உயரும். அதாவது 11 சென்டிமீட்டர். ஒரு முழுத் தட்டின் அகலம்!

ரவை விரிந்து போகிறதே, 11 சென்டிமீட்டரை அது சரிக்கட்டாதா? ஓரளவுக்குச் சரிக்கட்டும். ஆனால், விரிந்த ரவையின் நடுப்பகுதிதான் அடர்த்தி, ஓரம் சல்லடை. தட்டும் பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டரை சென்டிமீட்டர் உயரம்தான். ஓரத்து இடைவெளியில் தட்டு முழுசாகத் தப்பிப் போவது அன்றாடம் நடக்கிறது. அதோடு, கட்டை பொருந்தாதவர்களின் பிழை ஒரு நூலோடு நிற்பதில்லை. கன்னம் படியாமல் தலையை ஒரு விரல் தடிமன், அதாவது 15 மில்லிமீட்டர் தூக்கிவிட்டார் என்று வையுங்கள். அங்கே அரை மீட்டருக்கும் மேல் ரவை உயரப் போய்விடும். தட்டு அடியில் சாவகாசமாகப் பறந்துபோகும்.

இன்னொரு சங்கதி. ரைஃபிள்காரர் தப்பு எங்கே என்று அட்டையில் ஓட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இங்கே தப்பினால் வானத்தில் அடையாளம் எதுவும் இருக்காது. ஏன் தவறியது என்றே தெரியாமல், ‘எனக்குக் கை நடுங்குகிறது போல’, ‘எனக்கு இது வராது போல’ என்று தன்னையே நொந்துகொண்டு விலகிப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குப் பிரச்னை கையில் இல்லை, கட்டையில்.

பனியனுக்கே அஞ்சு சைஸ்...

நம் திருப்பூர் பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். 80, 85, 90, 95 என்று ஐந்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் அளவு வைத்திருக்கிறார்கள். பனியன் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. அப்படியும் அத்தனை சைஸ். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் ஒரே அளவுதான். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரைக்கும் சுமார் பதினாலரை அங்குலம். யாருக்காக? நல்ல வாட்டசாட்டமான ஐரோப்பிய ஆணுக்காக!

கட்டையில் பார்க்க வேண்டிய அளவுகள் நான்கைந்து உண்டு. எல்லாமே முக்கியம்தான், ஆனால் எல்லாம் சம முக்கியமில்லை என்பது என் கருத்து. கன்னம் படியும் உயரத்துக்கு முதல் மரியாதை கொடுக்க வேண்டும்.

இருந்தாலும் வேலையைத் தொடங்குவது நீளத்திலிருந்து. அதற்குக் காரணம் இருக்கிறது. பல கட்டைகளின் மேல்விளிம்பு முன்னாலிருந்து பின்னால் சரிந்து இறங்கும். நீளத்தை மாற்றினால் கன்னம் படியும் இடம் முன்னே பின்னே நகரும், கண்ணின் உயரமும் கூடவே மாறும். உயரத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் நீளத்தில் கை வைத்தால் முதல் வேலை வீண்.

நீளத்துக்குப் பழைய நாளில் ஒரு முறை சொல்வார்கள். கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டினால் சரி என்று. கடைக்காரர்கள் இன்றைக்கும் இதைச் செய்து காட்டுவார்கள். பெரிய பயன் இல்லை. கழுத்து நீளம், தோள் அகலம், நிற்கும் தோரணை எதையும் இது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்த்த பிறகு, பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட நல்லது. அதைவிடக் குறைந்தால் வெடிக்கும்போது சொந்தக் கட்டைவிரலே மூக்கில் குத்தும். கட்டை அளவுக்கு மீறி நீண்டிருந்தாலோ, ஏற்றும்போது அக்குளில் சட்டை மாட்டும். தோள்குழியில் உட்கார வேண்டிய முனை நழுவிக் கை மேல் உட்காரும்.

நீளத்தில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம். வெளிநாட்டு அளவுக் குறிப்புகள் எல்லாம் கோட்டும் ஸ்வெட்டரும் போட்ட தோளுக்கானவை. சித்திரை வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டையோடு பயிற்சி எடுக்கிறவருக்கு அதே கட்டை சற்றுக் குட்டையாகத் தெரியலாம். அவரே டிசம்பரில் டெல்லி துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் மைதானத்துக்குப் போட்டிக்குப் போனால், உள்ளே இரண்டு அடுக்கு கம்பளி. இப்போது அதே கட்டை நீளம். இதற்காகவே கட்டைக்கும் பின்னால் இருக்கும் ரப்பர் மெத்தைக்கும் நடுவே சொருக மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். வெயிலுக்கு ஒன்று கூட்டி, குளிருக்கு ஒன்று கழட்டி.

அடுத்தது கன்ன உயரம். துப்பாக்கி காலியாக இருப்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு (ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை), பயிற்சியாளர் முன்னிலையில் பத்திரமான திசையை நோக்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளில் ஏற்ற வேண்டும். கன்னம் வசதியாகப் படிந்த பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் மேற்பட்டை கொஞ்சம் தெரிந்து, நுனியில் மணி நடுவாக நின்றால் நல்லது. மேற்பட்டையே தெரியாமல் துப்பாக்கியின் பின்பகுதி கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. ரயில்வே பிளாட்பாரம் மாதிரி பட்டை முழுவதும் விரிந்து தெரிந்தால் கட்டை உயரம்.

ட்ராப் ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக வைத்துக்கொள்வார்கள். அவர்கள் சுடும் தட்டு எப்போதும் மேலே ஏறிக்கொண்டேதான் போகும். துப்பாக்கியும் சற்று மேலே சுட்டால், தட்டைக் குழலால் மறைக்காமல் அதன் அடியில் நிறுத்தியே சுடலாம். ஸ்கீட் ஆட்டக்காரர் கதை வேறு. அவர் துப்பாக்கியை இடுப்புப் பக்கம் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தட்டு கிளம்பிய பிறகுதான் தோளுக்கு ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்த அவசரத்தில் கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து விழ வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. பொருந்தாத கட்டையின் குட்டு ஸ்கீட்டில் சீக்கிரம் வெளிப்படுவது இதனால்தான்.

மூன்றாவது, பக்கவாட்டு வளைவு. வலது தோளில் சுடுகிறவருக்கு முகம் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால் கண் குழலுக்கு நேர் மேலே வராமல் இடப்பக்கம் தள்ளி நிற்கும். ரவையும் இடப்பக்கம் போகும். கட்டையைக் கொஞ்சம் வலப்பக்கம் வளைத்துக் கொடுத்தால் கண் நேருக்கு வந்துவிடும். இடக்கைக்காரருக்கு இதுவே தலைகீழ். தீபாவளிப் பலகாரத்தில் கன்னம் ஒரு நூல் பெருத்தாலும் குறி மாறும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கணக்குப்படி அது உண்மை!

உடம்பு சொல்லும் புகார்

நுகத்தடி சரியில்லை என்பதைக் காளையின் கழுத்து காட்டிக்கொடுக்கிற மாதிரி, கட்டை சரியில்லை என்பதைச் சுடுகிறவரின் உடம்பு காட்டிக்கொடுக்கும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, பயிற்சி நாளில் நாலைந்து சுற்று என்று வையுங்கள். நூறு தோட்டாவுக்கும் மேல். 24 கிராம் ஈயம் விநாடிக்கு 400 மீட்டர் போன்ற வேகத்தில் முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே உதைத்துத்தான் ஆகும். நூறு உதையும் பொருத்தமில்லாத இடத்தில் விழுந்தால்?

கன்ன எலும்பில் சிவந்து வீங்கினால், கன்னம் கட்டையில் உட்காராமல் இடைவெளி விட்டு மோதுகிறது என்று அர்த்தம், அல்லது மேல்விளிம்பின் சரிவு அந்த முகத்துக்கு ஒத்துவரவில்லை. தோளுக்கு வெளியே, மேல்கையில் நீலம் பாய்ந்திருந்தால் பெரும்பாலும் கட்டை நீளம். நடுவிரலின் கணுவில் அடிபட்டால் கைப்பிடிக்கும் விசைக்கும் இடையே இருக்கும் தூரம் அந்தக் கைக்குச் சரியில்லை. மார்புப் பக்கம் வலித்தால் கட்டை முனையின் கீழ்மூலை குத்துகிறது. முனை முழுவதும் தோளில் சமமாகப் படிகிற மாதிரி அதன் சாய்வை மாற்ற வேண்டும்.

வலியைவிட மோசமானது அதற்குப் பிறகு வருவது. அடிக்குப் பயந்த உடம்பு, விசையை இழுக்கும் முன்பே கண்ணை இமைத்துத் தோளைச் சுருக்கிக்கொள்ளும். சுடுகிறவருக்கே இது தெரியாது. ‘தைரியமா நில்லு’ என்று அதட்டினால் போகிற பழக்கம் அல்ல இது. மனசுக்குத் தெரியாமல் உடம்பு கற்றுக்கொண்ட பாடம். அதை மறக்கடிக்க மாதக்கணக்காகும். சிலருக்கு ஆட்டமே முடிந்துபோகும்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு அளவு

இந்தக் கட்டுரையில் பெற்றோர்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் இது. கொங்குப் பக்கம் பள்ளிக்கூட வயதிலேயே ஏர் ரைஃபிள் பழகும் பெண் பிள்ளைகள் இப்போது நிறைய. கோவையில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. அங்கிருந்து யாராவது ஒரு பெண் தட்டு சுடும் பக்கம் ஆசைப்பட்டால், முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் அப்பாவுடையதோ, கிளப்பினுடையதோ, ஓர் ஆணுக்காகச் செய்த துப்பாக்கிதான்.

பெண்களின் உடலமைப்பில் பொதுவாகக் கை சற்றுக் குறைவு, உயரத்தோடு ஒப்பிட்டால் கழுத்து நீளம். ஆகவே கட்டை குட்டையாக இருக்க வேண்டும், ஆனால் கன்னம் படியும் விளிம்பு உயரமாக இருக்க வேண்டும். அப்பாவின் துப்பாக்கியில் இது இரண்டும் நேர்மாறாக இருக்கும். பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள்? பின்னால் ஓர் அங்குலத்தை வெட்டிவிட்டு ‘சரியாச்சு, சுடு’ என்பார்கள். நீளம் சரியாகும். கன்னமோ அந்தரத்தில் நிற்கும். கீழ்மூலை மார்பில் குத்துவதும் அப்படியே இருக்கும். பெண்ணுக்குச் செய்யும் கட்டையில் அந்தக் கீழ்மூலையை வெளிப்பக்கம் திருப்பி, முனையை மழுக்கி, சாய்வை மாற்றித் தருவார்கள். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பதினைந்து வயதுப் பெண், வலியைப் பொறுத்துக்கொண்டு ஆறு மாதம் வருவாள். ஏழாவது மாதம் ‘படிப்பு இருக்கு’ என்று நின்றுவிடுவாள். பயிற்சியாளர் ஆணாக இருந்தால், அம்மாவோ அக்காவோ கூடப் போய் இந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பது நல்லது.

ஹாங்சோவில் மனிஷா கீர், ப்ரீத்தி ரஜக், ராஜேஸ்வரி குமாரி மூவரும் பெண்கள் ட்ராப் அணிக்கு வெள்ளி வாங்கிய நாடு இது. ஆக, ஆசை விபரீதமானது அல்ல. அளவெடுத்துக் கொடுக்க வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. பள்ளிச் சீருடையாவது வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். பதினாலு, பதினைந்து வயதில் ஒரே பருவத்தில் தோள் அகலம், கை நீளம், கழுத்து எல்லாம் மாறும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அளவு பார்க்க வேண்டும். பிள்ளைக்கு முதல் துப்பாக்கி என்றால், கன்ன விளிம்பையும் நீளத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கட்டையாகப் பார்ப்பது புத்திசாலித்தனம். இதில் கன்னம் படியும் மேல்பகுதி மட்டும் தனித் துண்டாக இருக்கும். அடியில் இரண்டு உலோகத் தண்டுகள். திருகைத் தளர்த்தி ஏற்றலாம், இறக்கலாம், பக்கவாட்டிலும் நகர்த்தலாம். பார்க்கக் கொஞ்சம் அழகு குறைவுதான். பழைய கைக்காரர்கள் ஒரே மரத்தில் இழைத்த வால்நட் கட்டையைத்தான் கொண்டாடுவார்கள். அந்த மரத்தின் வரிகளைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

ஒட்டிப் பார், அப்புறம் வெட்டு

சரி, எப்படி அளவு கண்டுபிடிப்பது? வசதியுள்ளவர்கள் வெளிநாட்டுக்குப் போய், எல்லாப் பக்கமும் திருகி அளவு மாற்றக்கூடிய ‘ட்ரை கன்’ என்ற அளவெடுப்புத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பார்த்து, அந்த அளவில் கட்டை செய்துகொள்கிறார்கள். இத்தாலியில் ப்ரெஷியா பக்கம் இருக்கும் பெராஸி மாதிரி நிறுவனங்கள் ஆளுக்கேற்ற கட்டை செய்து தருவதற்கே பெயர் போனவை.

அத்தனை தூரம் போகாமலும் பார்க்க வழி உண்டு. மைதானத்தில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். 16 கெஜ தூரத்தில், அதாவது சுமார் பதினாலரை மீட்டரில் நின்று, நிதானமாகக் குறி பார்க்காமல், தட்டு சுடுகிற அதே வேகத்தில் ஏற்றிச் சுட வேண்டும். ஐந்தாறு தடவை. தாளில் ரவை அடர்ந்த இடம் எங்கே என்று பார்த்தால் துப்பாக்கி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். இங்கே அனுபவஸ்தர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தாளில் ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் கட்டையில் அரை நூல் மாற்ற வேண்டும். இரண்டு அங்குலம் கீழே போகிறதா? கன்ன விளிம்பை ஒரு நூல் உயர்த்து. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மாற்றுவதிலும் அவசரம் கூடாது. உயர்த்த வேண்டுமானால் முதலில் மெல்லிய ரப்பர் அட்டையையோ, அடுக்கடுக்காக டேப்பையோ கட்டையின் மேல் ஒட்டி, அப்படியே நாலைந்து சுற்று சுட்டுப் பார்க்க வேண்டும். சரியென்று உறுதியான பிறகுதான் மரத்தில் கை வைப்பது. இழைத்த மரம் திரும்பி வராது என்பது எந்த ஆசாரிக்கும் தெரிந்ததுதானே! பக்கவாட்டு வளைவுக்கு, கட்டையின் கழுத்துப் பகுதியில் சூடான எண்ணெய் ஊற்றி மரத்தை இளக்கி மெல்ல வளைக்கும் கலையும் உண்டு. அதை எல்லாரும் செய்ய முடியாது. மரத்தின் இழை ஓட்டம் தெரியாதவர் செய்தால் முறிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். நீளம், உயரம் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு அடுத்த நாள் 25-க்கு 22 வந்தால், எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

கட்டையைத் தொடும் முன்பு பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கண். நம்மில் எல்லாருக்கும் ஒரு கண் தலைமைக் கண். ஒரு கையை நீட்டி, இரண்டு கண்ணையும் திறந்தபடி தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் கம்பத்தின் மேலேயே நிற்கிறதோ, அதுதான் தலைமைக் கண். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் தலைமை என்றால், உலகின் எந்தக் கட்டையும் அவரைக் காப்பாற்றாது. தோளை மாற்ற வேண்டும், அல்லது கண்ணாடியின் இடது வில்லையில் சிறு டேப் துண்டு ஒட்டிப் பழக வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளை என்றால் தோளை மாற்றுவதே நல்லது என்பேன். ஐந்து வருடம் பழகியவருக்குத்தான் டேப்.

தோட்டத்துத் துப்பாக்கி

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகள் சிலவற்றில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி உரிமத்தோடு இருக்கும். ‘அதையே கொஞ்சம் சரிசெய்து தட்டு சுடப் பழகலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கிகளின் கட்டை பெரும்பாலும் பின்னால் நன்றாக இறங்கி வளைந்திருக்கும். தலையை நிமிர்த்தி நின்று சுடுகிற தோரணைக்கு ஏற்றது அது. இன்றைய ட்ராப் ஆட்டத்துக்குக் கன்னம் அதில் படியாது. எடையும் குறைவாக இருப்பதால் உதை அதிகம். தாத்தாவின் நினைவாக அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் ஊரில் தெரிந்த தச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். அவர் கைவேலையில் குறை இருக்காது, ஆனால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் அதற்கான உரிமம் வேண்டும். உரிமம் உள்ள துப்பாக்கிப் பணியாளரிடம், உங்கள் உரிமப் புத்தகத்தோடு நேரில் போய், வேலை முடியும் வரை கூட இருப்பது பாதுகாப்பு. குழலைக் குட்டையாக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். தக்க உரிமம் இல்லாமல் அதைச் செய்வது தனிக் குற்றம்.

கட்டை கடைசியாகப் பொருந்தி வந்துவிட்டால், அன்றைக்கே எல்லா அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீளம், விளிம்பின் முன் உயரம், பின் உயரம், பக்க வளைவு, எத்தனை தகடு, தண்டு எத்தனை நூல் ஏறியிருக்கிறது, எல்லாம். செல்போனில் ஒரு போட்டோவும். திருகு தானாகத் தளரும், மரம் ஐப்பசி மழையின் ஈரத்தில் லேசாக உப்பும். தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம், வாரக்கணக்கில் அங்கே சாத்திக் கிடந்துவிட்டு வரும். வீட்டுக்கு வந்ததும் நோட்டையும் ஸ்கேலையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு அப்புறம் மைதானத்துக்குக் கிளம்புங்கள்.